மூன்றாவது ஒலிபெருக்கி

நீதிமன்ற வாசலில் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஒட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

வேண்டுமென்று செய்ததல்ல. உள்ளே உயரத்தில் ஒருவர் இருக்கிறார். போகிற ஆட்கள் எல்லாம் குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். ஒரு சத்தம் இல்லை. கால் தன்பாட்டில் கழற்றிவிட்டது. வாசலில் நின்ற இளம் பொலிஸ்காரன் சிரித்தான்.

"ஐயா, இது கோயில் இல்லை. போட்டுக்கொண்டு போங்கோ."

"இருக்கட்டும் தம்பி. பழக்கம்."

சாட்சிக்கூண்டின் பலகை எத்தனையோ பேரின் கை பட்டு எண்ணெய் பூசினது போல வழுவழுப்பாய்க் கிடந்தது. நான் சொல்லப்போவது உண்மை, முழு உண்மை என்று ஒருவர் வாசிக்க நான் திருப்பிச் சொன்னேன். கற்பூரம் இல்லை, தீபம் இல்லை. நெற்றியில் இருந்த திருநீறு வேர்வையில் கரைந்து இமைக்கு மேல் வந்து நின்றது.

எதிரே எதிரிக்கூண்டில் யோகன். எங்கள் பக்கத்துக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவனை எதிரி என்றுதான் சொல்வார்கள். எனக்கு அவன் பக்கத்து வளவுக்காரன். வயரிங் வேலை, மோட்டார் திருத்துகிற வேலை செய்கிறவன். வலது கையைச் சேட்டின் பொத்தான் இடைவெளிக்குள் செருகி வைத்திருந்தான்.

வழக்கில் இருந்தது ஒரேயொரு கேள்விதான். தோட்டக் கிணற்றில் களவுபோன தண்ணீர் இறைக்கிற மிஷினோடு அவனை வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்தியில் வைத்துப் பிடித்தோம் என்றது பொலிஸ். செவ்வாய்க்கிழமையே என்னைப் பிடித்துக்கொண்டு போய் வைத்து அடித்தார்கள் என்றான் யோகன். பொலிஸ் நிலையத்துக்குள் இருந்தவன் சந்தியில் மிஷினோடு நிற்க முடியாது. எந்த நாள் என்பதில்தான் அவன் வீட்டுக்குப் போவதும் மறியலென்ற சிறைக்குப் போவதும் இருந்தது.

என்னைக் கூப்பிட்டிருந்தது பொலிஸ் பக்கம்.

முருகன் கனவில் வந்த கதை

சில கிழமைகளுக்கு முன் இந்தப் பத்தியில் கிணற்றுக் காவலைப் பற்றி எழுதியபோது, அச்சுவேலிச் சந்தையில் கண்ட ஒருவர், "உங்கடை ஊர்க் களவு வழக்கைப் பற்றி எழுதாமல் சுத்திச் சுத்திப் போறியள்" என்று கேட்டார். உண்மைதான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குச் சட்டம் எழுதத் தெரியாது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டதையும் கேட்டதையும் எழுதலாம்தானே.

அது நடந்தது ஒரு வைகாசி மாதம். சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் வேல் தூக்கிக்கொண்டு புறப்படுகிற காலம். எங்கள் பிள்ளையார் கோயில் கொடியேற்றம் அந்த வெள்ளிக்கிழமை. ஒலிபெருக்கி கட்டுகிறவன் வருசா வருசம் யோகன்தான். புதன்கிழமை காலையில் கோயிலடிக்கு ஆளைக் காணவில்லை. வேலிக்கு மேலால் எட்டி, "எங்கை பிள்ளை உன்ரை மனுசன்?" என்று சுகந்தியைக் கேட்டேன்.

சுகந்தி விளக்குமாற்றோடு நின்றாள். முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"கதிர்காமத்துக்கு நடந்து போட்டார் அண்ணை. நேற்று விடியத்தான் வெளிக்கிட்டவர்."

"கொடியேற்றத்தை விட்டிட்டோ?"

"கனவிலை முருகன் வந்து கூப்பிட்டவராம். மறுக்கேலாது எண்டிட்டார்."

எனக்கு மெய் சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயத்தை உரித்தபடி, "தம்பி கூப்பிட்டால் தமையனை விட்டிட்டுப் போறதோ? பிள்ளையார் கோவிக்க மாட்டாரே?" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. அது அவையின்ரை குடும்ப விசயம்."

நான் பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் நம்பினேன். நம்பினதோடு நிற்கவுமில்லை. கோயிலில் கண்டவருக்கெல்லாம் சொன்னேன். ஐயரிடம் யோகேஸ்வரன், பூரட்டாதி நட்சத்திரம், கதிர்காமப் பயணம் என்று சொல்லி அவன் பேரில் அர்ச்சனை செய்வித்தேன். பிரசாதத்தைச் சுகந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றாள். பக்தியென்று நினைத்தேன்.

யோகன் அப்போது சந்நிதி வீதியைக்கூட மிதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளோடு மறித்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் மிஷின் களவு தொடர்ந்து நடந்தது. களவுபோன மிஷின்களில் இரண்டை அவன்தான் முன்னர் திருத்தினவன். ஆகவே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் கணக்கு.

ஏன் சுகந்தி பொய் சொன்னாள்? யோகனின் தங்கைக்கு அளவெட்டியில் சம்பந்தம் பேசி, தாலிப் பொன்னுருக்குக்கு நாள் வைத்திருந்தது. தமையன் பொலிஸில் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. இரண்டொரு நாளில் விட்டுவிடுவார்கள், அதுவரை மூடி வைப்போம் என்று நினைத்தாள். ஆளைக் காணாததற்கு ஒருவரும் தோண்டிக் கேட்காத காரணம் வேண்டும். எங்கள் ஊரில் கடவுளிடம் போனவனைத் தேடுவார் இல்லை.

காணாமல் நிற்பவர்கள்

இதை வாசிக்கிற வெளியூர்க்காரருக்கு அப்படி மூடி வைக்கிறது விளங்குமோ தெரியாது.

சண்டைக் காலத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையைக் காணவில்லை என்றால், "மாமி வீட்டை நிக்கிறான்" என்பார்கள். எந்த மாமி என்று கேட்கக் கூடாது. இராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும். சாக்கால் முகம் மூடின ஒருவனை ஜீப்பில் இருத்தி வைத்து, எங்களை வரிசையாக அவன் முன்னால் நடக்கவிடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆள் போய்விடும். தலையாட்டி என்று பேர். என் முறை வந்தபோது சாக்கின் இரண்டு ஓட்டைக்குள்ளும் ஈரமான கண் தெரிந்தது. அவனும் யாரோ அடித்து இருத்தி வைத்த ஒருவன்தான். தலை ஆடவில்லை. பிள்ளையார் அன்றைக்குக் காத்தார்.

அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் ஆளைப் பிடித்தால் வாயை மூடு என்கிற பழக்கம் எங்கள் பெண்களுக்குப் போகவில்லை.

அதற்கும் முந்தி, ஊர்க்களவு ஊருக்குள்ளேயே தீர்ந்தது. வைரவர் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, நான் எடுக்கவில்லை என்று உள்ளங்கையால் அணைக்க வேண்டும். ஒருமுறை ஆடு களவுபோய், சந்தேகப்பட்டவன் கூசாமல் அணைத்தான். அடுத்த நாள் ஆடு தானாக வந்து வேலியடியில் நின்று கத்தியது. அவன் அவிழ்த்து விட்டானோ, வழிதவறிப் போய் வந்ததோ, வைரவருக்குத்தான் வெளிச்சம். அந்த இரண்டு வீட்டுக்காரரும் பிறகு சாகும்வரை கதைக்கவில்லை. எல்லாம் நல்ல முறை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவரும் ஒருவரின் விரலை முறிக்கவில்லை.

"மூண்டு, அண்ணை"

கொடியேற்றத்துக்கு முதல்நாள், வியாழக்கிழமை, ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுக்க நான் பொலிஸுக்குப் போனேன். யோகன் இல்லாதபடியால் நெல்லியடிப் பக்கத்திலிருந்து வேறொருவரைப் பிடித்திருந்தோம்.

மேசையில் இருந்த பொலிஸ்காரன் கேட்டான்.

"எத்தினை ஸ்பீக்கர்? எங்கை எங்கை?"

"ரெண்டு. கோபுரத்தடியிலை ஒண்டு, மடத்தடியிலை ஒண்டு."

அவன் எழுதத் தொடங்கினான். பின்பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. வாய்க்குள் துணி இருந்தது போல, தடித்த குரல்.

"மூண்டு, அண்ணை. கேணியடியிலை ஒண்டு."

அதோடு ஒரு கதவு அடித்துச் சாத்திய சத்தம்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு நடை, ஒரு மேசை, ஒரு மூடின பச்சைக் கதவு. டெற்றோல் மணந்தது. பொலிஸ்காரன் தலை நிமிராமல், "குடிகாரன் ஒருத்தன்" என்றான்.

சரிதான், கேணியடியில் ஒன்று கட்டுகிறது வழக்கம். பால்குடம் எடுக்கிற பெண்களுக்கு மந்திரம் கேட்க வேண்டுமென்று யோகன் தொடக்கி வைத்தது. நான் மறந்துபோனேன்.

"ஓம் ஓம், மூண்டு," என்று திருத்திச் சொன்னேன். பிறகு சிரித்துக்கொண்டு, "குடிகாரனுக்கும் எங்கடை கோயிலைத் தெரிஞ்சிருக்கு!" என்றேன்.

யோகனின் குரல் மாதிரி என்று ஒரு கணம் மனதில் வந்ததும் உண்மை. வந்த வேகத்தில் போனதும் உண்மை. அவன் காட்டு வழியில் வேல் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அவன் பேரில் நானே அர்ச்சனை செய்திருக்கிறேன். என் காதைவிட அந்த அர்ச்சனையை நான் நம்பினேன்.

கொடியேறியது. மூன்று ஒலிபெருக்கியும் பாடியது. அன்று பின்னேரம் சந்தியில் யோகனை மிஷினோடு பிடித்தார்களாம் என்று கதை வந்தது. அடுத்த நாள் நீதவான் முன்னால் நிறுத்தி மறியலுக்கு அனுப்பினார்கள்.

ஊர் ஒரே நாளில் திரும்பியது. "கதிர்காமம் எண்டு சொல்லிப்போட்டுக் களவெடுக்கப் போயிருக்கிறான்" என்றார்கள். முருகன் பேரில் பொய் சொன்னவள் என்று சுகந்தியைக் கோயிலில் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. அளவெட்டிக்காரர் பொன்னுருக்கை நிற்பாட்டிச் சொல்லியனுப்பினார்கள். எந்தக் கலியாணத்துக்காக அந்தப் பொய் சொல்லப்பட்டதோ அது அந்தப் பொய்யோடேயே போனது.

அதைவிடப் பெரிய கேடு வழக்கில் வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆள் வீட்டில் இல்லை, வீட்டார் பொய் சொல்லி மறைத்தார்கள், ஆகவே அவன் களவுப் பொருளோடு ஒளித்துத் திரிந்தான் என்று பொலிஸ் சொன்னது. பொய்யை ஊருக்குப் பரப்பின கோயில் மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டால் போதும்.

இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள்

முதலில் வந்தவள் சுகந்தி. யோகன் பிணையில் வந்து, இரண்டு திருவிழாக் கழிந்து, வழக்கு விசாரணைக்கு வந்த நேரம். குரல் கேட்ட கதையை நான் அவளிடம் முன்னமே சொல்லியிருந்தேன்.

"அண்ணை, கேட்டனான் எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? கண்டனான் எண்டு சொல்லுங்கோ. கதவு கொஞ்சம் திறந்து கிடந்தது, ஆளைக் கண்டனான் எண்டு. உங்கடை சொல்லை ஒருத்தரும் மறுக்க மாட்டினம்."

"காணேல்லையே பிள்ளை."

"அவர் உள்ளுக்கை இருந்தவர்தானே! இருந்த ஆளை இருந்தவர் எண்டு சொன்னால் அது எப்பிடிப் பொய்யாகும்?"

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு வடிவான பதில் என்னிடம் இல்லை. "நான் உள்ளதைத்தான் சொல்லுவன்" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து, "உள்ளதைச் சொல்லித்தானே அண்ணை நீங்கள் அவரைக் கதிர்காமத்துக்கு அனுப்பினீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுடுசொல்தான். ஆனால் காணாததை ஊரெல்லாம் சொன்னவன் நான்; அவளுக்குச் சொல்ல உரிமை இருந்தது.

மற்றது, ஒரு பொலிஸ் சார்ஜன். காக்கி இல்லாமல், சேட்டும் சாரமுமாக வந்தார். எங்கள் மொழிக்காரர்தான். மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள். மடத்தைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைத்தார். எழும்பும்போது சொன்னார்.

"ஐயா, யோகன்ரை மனுசி என்ன சொன்னவவோ அதை மட்டும் சொன்னால் காணும். அண்டைக்கு நீங்கள் ஸ்பீக்கர் விசயமாய் வந்தது ஒருத்தருக்கும் தேவையில்லாத கதை."

"ஓம் ஐயா."

"வருசா வருசம் அதுக்கு எங்களிட்டைத்தானே வரவேணும்."

படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

மனைவி கோப்பையை எடுத்தபடி கேட்டாள். "உள்ளுக்கை இருந்தது குடிகாரன் எண்டால், உந்த மனுசன் ஏனப்பா இவ்வளவு தூரம் வந்து தேத்தண்ணி குடிக்கிறார்?"

அது யோகனின் குரல்தான் என்று அந்த இடத்தில்தான் எனக்கு நிச்சயமானது. சுவாமி அறைக்குப் போய் நின்றேன். பயம்தான் வந்தது.

முழு உண்மை

பொலிஸ் பக்கத்து அதிகாரி முதலில் கேட்டார்.

"எதிரி செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டில் இல்லை?"

"ஓம்."

"கதிர்காமத்துக்கு நடந்து போனதாக எதிரியின் மனைவி உங்களிடம் சொன்னார்?"

"ஓம்."

"அது பொய் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்?"

சுகந்தியைப் பார்த்தேன். பின்வரிசை வாங்குப்பலகையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஓம்."

அவர் திருப்தியோடு கதிரையில் இருந்துவிட்டார். யோகனுக்கு வாதாடிய சட்டத்தரணி ஒரு இளம் பெண்பிள்ளை. எழுந்து, வியாழக்கிழமை நான் எங்கே போனேன் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஸ்பீக்கரைச் சொன்னேன், கேணியடியைச் சொன்னேன், கதவுச் சத்தத்தைச் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன்.

பொலிஸ் அதிகாரி துள்ளி எழும்பினார்.

"அப்போது அது எதிரியின் குரல் என்று நீங்கள் நினைக்கவில்லை?"

"இல்லை ஐயா."

"ஆளைக் காணவுமில்லை?"

"காணேல்லை."

"அப்படியென்றால் இப்போது மட்டும் எப்படி அவருடைய குரலானது? யார் சொல்லித் தந்தது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் கையை உயர்த்தினார். என்னைப் பார்த்து, அவசரமில்லாமல் சொன்னார்.

"பயப்படாமல் பதில் சொல்லுங்கள். அன்று நம்பாததை இன்று ஏன் நம்புகிறீர்கள்?"

அந்தச் சார்ஜன் ஜன்னலோரமாக நின்றார். தொப்பியைக் கையிடுக்கில் வைத்திருந்தார். என் கால் பெருவிரல்கள் சிமெந்தைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது.

"கனம் ஐயா, அண்டைக்கு நான் பொலிசுக்குப் போனதைக் கோட்டிலை சொல்ல வேண்டாம் எண்டு உந்தச் சார்ஜன் ஐயா என்ரை வீட்டை வந்து சொன்னவர். உள்ளுக்கை இருந்தது ஆரோ ஒரு குடிகாரன் எண்டால் அவர் ஏன் வரவேணும்?"

நீதவான் சார்ஜனை நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். கூண்டில் யோகன் முகத்தை இடது கையால் துடைத்தான்.

பஸ்ஸில்

வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை.

சுவரோரம் வெறுமையாக இருந்தது. கோட்டு வாசலில், பொலிஸ் காவலில் வைத்த செருப்பு. நாங்கள் மூவரும் தேடினோம். கடைசியில் சுகந்தி சொன்னாள்.

"என்ன அண்ணை, பொலிசிலை ஒரு முறைப்பாடு குடுப்பமோ?"

யோகன் சிரித்தான். நானும் சிரித்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் சிரித்ததைக் கண்டேன். வெறுங்காலோடு சுடு தாரில் துள்ளித் துள்ளி பஸ் ஏறினேன்.

யோகன் யன்னல் பக்கம் இருந்தான். கொண்டக்டர் நீட்டிய ரிக்கற்றை இடது கையால் வாங்கினான். வலது கை மடியில் கிடந்தது. மூன்று விரல் உள்ளுக்குள் மடிந்து, காய்ந்த வாழைச்சருகு போல. ஓடும்போது வரம்பில் விழுந்தவர் என்று டொக்டரிடம் சொன்னார்களாம். பொலிஸ்காரன் கதவடியில் நின்றபடியால் இவனும் ஓம் என்றிருக்கிறான்.

நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏன்ராப்பா, அண்டைக்கு என்ரை குரல் கேட்டவுடனை 'நான் யோகன்' எண்டு கத்தியிருக்கலாமே?"

"என்ரை பேரைச் சொல்லிக் கத்தினால் சுகந்தியையும் கொண்டு வருவம் எண்டு சொன்னவங்கள் அண்ணை." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "ஸ்பீக்கரைப் பற்றிக் கத்தாதை எண்டு சொல்லேல்லைத்தானே."

பஸ் குலுங்கியது. வலது கையை இடது கையால் தூக்கி மடியில் ஒழுங்காக வைத்தான்.

"அதுவரைக்கும் காலிலைதான் அடிச்சவங்கள். அந்தக் கேணியடி எண்ட சொல்லுக்குத்தான் கை போனது."

நான் யன்னலைப் பார்த்தேன். புகையிலைத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் பொலிஸ் மேசையடியில் சிரித்துவிட்டு இறங்கி வந்த நேரம் எனக்குள் மறுபடியும் மறுபடியும் ஓடியது.

அர்ச்சனை

சில வழக்குத் தவணைகளுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. பொலிஸ் சொல்லும் நாளை நம்ப முடியாமல் இருக்கிறது என்று சொல்லி நீதவான் யோகனை விடுதலை செய்தார். அந்த மனிதரை நான் நினைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தார். ஆனால் விரலை முறித்தது யார் என்று அந்த வழக்கில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு வேறு வழக்குப் போட வேண்டுமாம். சுகந்தி, "இனிப் பொலிஸ் பேரே வேண்டாம்" என்றுவிட்டாள். சார்ஜனுக்கு இடமாற்றம் என்றார்கள். மிஷின் களவு எடுத்தவன் இன்னும் அகப்படவில்லை. யோகனின் தங்கைக்கு இன்னும் ஒன்றும் பொருந்தவில்லை.

யோகனால் குறடு பிடிக்க முடியாது. தீர்ப்புக்குப் பின் வந்த கொடியேற்றத்துக்கு வயர் இழுத்தவர்களுக்குக் கீழே நின்று வாயால் சொல்லிக் கொடுத்தான். கேணியடிக்கு வந்ததும், "அது வேண்டாம். ரெண்டு காணும்" என்றான். ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை.

அன்று அர்ச்சனைத் தட்டத்தோடு போனேன். ஐயர் பேர் கேட்டார்.

"யோகேஸ்வரன். பூரட்டாதி."

அவருக்குப் பழைய அர்ச்சனை நினைவிருந்தது போலும். "மறுபடியும் எங்கையாவது பயணமோ?" என்றார்.

"இல்லை ஐயா. வீட்டிலைதான் இருக்கிறான்," என்றேன். "வீட்டிலை இருக்கட்டும் எண்டுதான்."